சூரியன் முதுகில் கரும்புள்ளி

ஐப்பசி பிறந்தும் வடகரைக் குளத்தில் முழங்கால் தண்ணீர்தான் கிடந்தது. வாரத்துக்கு எடுத்து உழுத வயலைப் பிசான நெல்லுக்குத் தயாராக்கிவிட்டு, சுடலைக்கண்ணு விதைநெல்லைத் தொடாமல் இருந்தான். வீட்டில் இருந்தது அந்த ஒரு மூட்டைதான். ஊறப்போட்டு முளைகட்டினால் பிறகு அது நெல்லாகத் திரும்பாது. நாற்று கருகினால் மாற்று விதையும் இல்லை.

அந்த நேரம் பார்த்தா பீர் மைதீன் அந்தச் செய்தியை வாசிக்க வேண்டும்! தறி நெய்கிறவர். டீக்கடையில் பேப்பரை உரக்க வாசிப்பது அவர் வழக்கம்.

"சூரியனில இந்த வருசம் கரும்புள்ளி கூடுதலாம்லே. அதுல வாடைக்காலமே மாறும்னு சிலபேரு சொல்லுதான். அதெல்லாம் இல்லைங்கான் சிலபேரு."

"மழை கூடுமா, கொறையுமா பாய்?"

"அதைப் போடலியே."

சுடலைக்கண்ணு வீட்டுக்கு வந்து, கிரகணத்துக்கு வைப்பதுபோலச் சாணித் தண்ணீரைக் கரைத்து முற்றத்தில் வைத்தான். தண்ணீருக்குள் சூரியன் மங்கலாக விழுந்தது. நடுவில் ஒரு கறுப்பு.

"கிரகணம் இல்லாத நாள்ல என்ன கூத்து இது?" என்றாள் மனைவி முத்துவடிவு.

"ஏட்டி, இங்கன வந்து பாரு. தெரியுதா?"

"தெரியுது. அவருக்குத் தேமல் வந்தா நம்ம விதை என்ன செய்யும்? ஊறப்போடுங்க."

அவனுக்கு மனம் வரவில்லை. தினமும் பார்த்தான். புள்ளி ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போய், ஒருநாள் காணாமல் போயிற்று. கலக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தான். இல்லை. காய்ச்சல் விட்ட பிள்ளையைக் கண்டதுபோல இருந்தது அவனுக்கு. தானே விதையை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, மேலே கல்லும் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனான்.

"புள்ளி ஆறிட்டு பாய்."

பீர் மைதீன் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏலே, சூரியனும் பம்பரம் மாதிரி சுத்துதுலே. புள்ளி முதுகுப் பக்கம் போயிருக்கும்."

"இதை முந்தியே சொல்லப்படாதா?"

"நீ மழையைப் பத்தில்லா கேட்ட."

அதை நினைத்து நினைத்து இரண்டு நாள் அவன் சாக்குப் பக்கமே போகவில்லை. முத்துவடிவு சாக்கை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக முளை.

"புள்ளி போகலையாம்டி. பின்னால இருக்காம்."

"இருக்கட்டும். இன்னும் ஒருநாள் விட்டா வேர் பின்னிக்கிடும். பொறவு மாட்டுக்குத்தான் போடணும்."

அன்றைக்கே நாற்றங்காலில் விதைத்தார்கள். குளத்தில் கிடந்த தண்ணீரை இடுப்பு கழன்றுபோகிற அளவுக்கு இருவருமாக இறைத்து, நாற்றைக் காப்பாற்றினார்கள். கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்தது. குளம் நிறைந்து, மிச்சத் தண்ணீர் மறுகாலில் பாய்ந்தது.

"பாத்தியா, புள்ளிதான் கொண்டாந்திருக்கு" என்றார் பீர் மைதீன்.

"சுரண்டையில என் தங்கச்சி சண்முகசுந்தரி வெதச்ச மானாவாரி காஞ்சு கெடக்கே பாய். அவளுக்கும் இதே சூரியன்தானே?"

பீர் மைதீன் பேப்பரைப் புரட்டிப் பார்த்தார். சுடலைக்கண்ணுவுக்கும் பதில் தெரியத்தான் ஆசை. ஆனால் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நடவுக்கு ஆள் சொல்ல எழுந்து போனான்.