வதனியும் நாற்பத்திரண்டு ரப்பர் காற்சட்டைகளும்

2012ஆம் ஆண்டு படகை விட்டு இறங்கிய நாள் முதல் வதனியைத் தண்ணீர் நனைப்பதில்லை. அவள் உடுத்தியிருக்கும் உடுப்பையும் நனைப்பதில்லை. முகாமில் சோதித்த டாக்டர் வறண்ட தோல் என்று எழுதி ஒரு களிம்பைக் கொடுத்தார். குடிக்கலாம்; வாய்க்குள் போவதில் தண்ணீருக்கு ஆட்சேபனை இல்லை. ஷவரின் கீழே நின்றால்தான் அது அவளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே நல்லெண்ணெயும் கடலைமாவும் தேய்த்துத் துடைத்துக்கொள்வாள். கோயிலில் ஐயர் தெளிக்கும் தீர்த்தம் அவளை விலகிப் பக்கத்தில் நிற்பவர் மேல் இரட்டிப்பாக விழுந்ததால், அவளுக்குப் பக்கத்தில் நிற்க ரோவில் ஊர்த் தமிழரிடையே போட்டி இருந்தது. படகில் இருபத்தொரு நாள் முழங்காலளவு தண்ணீரில் நின்று இறைத்தவளிடம் தண்ணீருக்கு அதற்கு மேல் என்ன அலுவல் என்பது அவளுடைய கணவன் சிறியின் கணிப்பு.

வதனிக்குப் பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. டிசம்பரில் கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டினால் சம்பளத்துக்கும் பூட்டு. அந்த வருடம் லொறி ஓட்டும் சிறியும் முதுகு பிடித்துப் படுத்துவிட்டதால் கோடைக்கு ஏதாவது வேலை தேட வேண்டியிருந்தது. பெரிய இலையான் படம் போட்ட ஒரு கடையின் கண்ணாடியில் பகுதிநேர ஆள் தேவை என்று ஒட்டியிருந்ததைக் கண்டு, பூச்சி மருந்துக் கடை என்று நினைத்து உள்ளே போனாள். உள்ளே விற்றதோ, இறகும் நூலும் சுற்றி ஈ, இலையான் போலவே செய்த தூண்டில்கள். முதலாளி கிரேம், மீன் பிடித்த அனுபவம் உண்டா என்று கேட்டார். அரிந்த அனுபவம் உண்டு என்றாள். இங்கே மீனைப் பிடித்துப் படமெடுத்துத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவோம் என்று அவர் பெருமையாக விளக்கினார். அப்படியென்றால் அந்த மீன் உங்களுக்கு என்ன செய்தது என்று வதனி கேட்டாள். அதற்கு முன் வந்த ஒன்பது பேரும் ட்ரவுட் மீனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்ததால், கிரேம் ஒரு விண்ணப்பத்தை மட்டும் நிரப்ப வைத்து அந்த இடத்திலேயே வேலையைக் கொடுத்தார்.

ஆற்றில் இறங்குகிறவர்கள் போடும் நெஞ்சளவு ரப்பர் காற்சட்டையில் ஒரு புதுத் தினுசில் நாற்பத்திரண்டை கிரேம் அந்தக் கோடைக்கு இறக்கியிருந்தார். அதைச் சோதித்துக் காட்டக் கடைக்குள் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. இரண்டாவது கிழமை வேறு ஆளில்லாமல் வதனியைக் காற்சட்டையோடு தொட்டியில் இறக்கினார். பத்து நிமிடம் நின்று ஏறினாள். காலுறை வரை காய்ந்திருந்தது. அன்றே ஏழு விற்றன. அடுத்த சனிக்கிழமை தொட்டியை முன் கண்ணாடிக்கு நகர்த்தினார்கள். ஜீலோங்கிலிருந்தெல்லாம் தாடிக்காரர்கள் வந்து, அவள் தண்ணீருக்குள் நின்று கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டு வாங்கிப் போனார்கள். பொங்கலுக்குள் நாற்பத்திரண்டும் தீர்ந்தன. வதனிக்கு மனம் உறுத்தியது. ஆனாலும், கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள்.

கேட்காமலே வந்தது வினை. மல்கம் என்ற எழுபத்தாறு வயதுப் பல் டாக்டர், எயில்டன் பக்கத்து ஆற்றில் இடுப்பளவில் நின்றபோது கால் முழுக்க நனைந்துவிட்டதென்று காற்சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கிரேம் அதையே வதனிக்குப் போட்டு இறக்கினார். அவள் காய்ந்தபடி ஏறினாள். மல்கம் அவளுடைய காலுறையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியிலிருந்து தண்ணீர் வரவில்லையென்றால் அது தன்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், வயது போய்விட்டது, இனி ஆற்றுப் பக்கம் வரப்போவதில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தன்னுடைய தூண்டில்தடியையும் விற்றுவிடச் சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"அந்தக் கிழவன் தான் மூத்திரம் போனதெண்டு நம்பிக்கொண்டு போகுது," என்றாள் வதனி, அன்றிரவு வீட்டில், குசினியில் சமைத்தபடி.

"நீ வாயைத் திறந்தா வேலை போயிடும். இன்னும் ரண்டு கிழமைதானே, சும்மா இரு," என்றான் சிறி, படுத்தபடியே.

"எனக்கு இந்த வேலை போனா இன்னொண்டு. அந்தாளுக்கு ஆறெல்லோ போச்சுது."

சனிக்கிழமை மல்கத்தை வரச் சொல்லிக் கடையிலிருந்தே போன் எடுத்தாள். கூட்டம் சேர்ந்ததும் ரப்பர் காற்சட்டை போடாமல், கன்ரீனுக்குப் போடும் பருத்திச் சட்டையோடு தொட்டிக்குள் இறங்கித் தலை மூழ்க இருந்தாள். எழுந்தபோது ஒரு தலைமயிர்கூட ஒட்டியிருக்கவில்லை. தன்னைத் தண்ணீர் நனைப்பதில்லை, பிழை காற்சட்டையில்தான் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னாள்.

முதலில் வாய் திறந்தவர் மல்கம். "அப்படியென்றால் அது நானில்லை?"

"நீங்களில்லை," என்றாள்.

மல்கம் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு போய்த் தன் தூண்டில்தடியில் தொங்கிய விலைச்சீட்டைப் பிய்த்தெறிந்தார். கிரேம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, விண்ணப்பத்தில் இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். குளிக்கிற விசயத்தை வேலைக்கு எழுதுவார்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். நாற்பத்திரண்டு காற்சட்டைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சிலதற்குள் மீனும் இருந்தது. அதை மட்டும் வதனி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரித்தாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் அவள் கன்ரீனுக்குத் திரும்பினாள். கிரேம் விடவில்லை, சனிக்கிழமைகளில் வாடிக்கையாளர்களோடு ஆற்றுக்குக் கூட்டிப்போகிறார். அக்கரை மரத்தில் தூண்டில் சிக்கினால் கழுத்தளவு தண்ணீரில் நடந்து போய் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. காய்ந்தபடி திரும்புகிறவளை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை; மீன் கலைகிறது என்று மட்டும் முணுமுணுப்பார்கள். மழை வந்தால் கைபேசிகளையும் காதுக் கருவிகளையும் அவளுடைய சட்டைப்பைக்குள் திணித்துவிட்டுக் கார்களுக்கு ஓடிவிடுவார்கள். மல்கம் தன்னுடைய சாண்ட்விச்சையும் கொடுத்துவிட்டு ஓடுவார். கொட்டும் மழையில் நின்று வதனி அதைச் சாப்பிடுவாள். உறைப்புக் காணாது என்பதுதான் அவளுடைய ஒரே முறைப்பாடு.