படிவத்தில் ஒரு வரி

விடியலில் உப்புப் பாத்திக்குள் இறங்கினால் முதலில் எரிவது கால்விரல் இடுக்கு, பிறகு கண். வெயில் ஏறுமுன் பலகையால் உப்பை வழித்து வரம்போரம் குவித்துவிட வேண்டும். பக்கத்துப் பாத்தியில் பத்து நாளாக ஆளில்லை. அது சாரா உம்மாவின் பாத்தி. அந்தப் பக்கம் திரும்பாமலே நான் உப்பு இழுத்தேன்.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்து முகாமில் ஏழு வருசமாக இருப்பவர் அவர். எங்கள் கால்புண்ணை ஆராய ஒரு டொக்டர் வந்தார். செலவு முதலாளி பதுர்தீனுடையது. கொஞ்சம் படித்தவன் என்று படிவம் நிரப்ப என்னைப் பிடித்தார்கள். என்ன நோய் வருத்தமென்று எழுத அதில் ஒரே வரி. வேறு வருத்தமும் உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது.

"எனக்குச் சீனி வருத்தமும் இருக்குத் தம்பி."

"அதைச் சொல்லாதீங்க உம்மா. குளிசை தரமாட்டாங்க."

அவருக்காகத்தான் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். ஆராய்ச்சிக்கு ஆள் குறைந்தால் முதலாளி முகம் கோணும் என்று பயந்தேன்.

புண்ணுக்கு விழுங்கக் கொடுத்த குளிசை இரத்தத்தில் சீனியை ஏற்றிவிட்டது. பாத்திக்குள்ளேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து, ஆராய்ச்சிக்கு இரண்டாந்தரம் இரத்தம் எடுக்கிற நாள் வந்தது. உப்புக் கொட்டில் வாசலில் கட்டுப்போட்ட காலோடு சாரா உம்மா வந்து உட்கார்ந்திருந்தார்.

"முருகேசு, அவட பேரை வெட்டு," என்றார் முதலாளி. "பொய் சொல்லிச் சேர்ந்தவ."

பேனை கையிலேயே நின்றது. "மறைக்கச் சொன்னது நான்," என்றேன். யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ரெண்டு மூண்டு வருத்தம் இருந்தா முடிவு குழம்பும்," என்றார் டொக்டர்.

"என்ட வருத்தமெல்லாம் ஒண்டாத்தானே பாத்திக்குள்ள இறங்குது டொக்டர்," என்றார் சாரா உம்மா. "எதை நான் வீட்டில விட்டுட்டு வாற?"

எங்களோடு உப்பு வழிக்கும் இன்னாசித்தம்பி, ஊசிக்காக மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டான். "எனக்குப் பிரஷர். நானும் மறைச்சனான். எல்லாத்தையும் எழுதினாத்தான் இரத்தம்."

"இப்பிடிப்பட்ட ஆராய்ச்சிக்கு என்ட காசு வராது."

"அப்ப எங்கட இரத்தமும் வராது முதலாளி."

"நாளைக்கு வேலை இல்லாமப் போகும்."

"இருபத்தாறு பேரையும் நிப்பாட்டுங்க. உப்பை ஆர் வழிக்கிறதெண்டு பாப்பம்."

டொக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "கால்புண் மட்டும் உள்ள ஆக்கள் கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

ஊசியைப் பெட்டிக்குள் வைத்தார். "எல்லாத்தையும் எழுதித் தாங்க. காசு கிடைக்குமோ தெரியாது. வேற இடத்திலயும் கேட்டுப் பாக்கிறன்."

முதலாளி கோபத்தோடு வெளியேறினார். நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் என்னைச் சுற்றி வரிசையாக நின்றார்கள்.

"இந்த முறை முழுசா எழுதுங்க தம்பி," என்றார் சாரா உம்மா. மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருடைய பெயரை முதலில் எழுதினேன். வரி போதவில்லை, ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதினேன். இருபத்தைந்து பேர் முடிந்ததும் கடைசித் தாளில் என் பெயரை எழுதினேன். கால்புண். அதற்குப் பக்கத்தில், வேலை போய்விடுமென்று இரண்டு வருசமாக யாருக்கும் சொல்லாத மூச்சு முட்டலையும் எழுதினேன்.