இறுக்கிய மூடி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஸவாஹிர் ஹாஜியாரின் மெத்தைப் பட்டறையில் இரண்டு பீப்பாக்கள் நின்றன. ஒன்றில் பொலியோல். தேன் மாதிரி இருக்கும், சாது. மற்றதில் டைஐசோசயனேட். அது சாது இல்லை. இரண்டையும் ஒரு கை தண்ணீரோடு கலக்கினால் உள்ளே வாயு பிறந்து, பால் பொங்குவதுபோல் பொங்கி ஃபோம் ஆகும். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்த எனக்கு அதுதான் வேலை.

தொண்ணூற்றேழு, மாரி மழை. ஒரு காலை பொலிஸ் சோதனைக்கு வந்தது. தமிழன், இரசாயனம், பீப்பா. வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

டைஐசோசயனேட் பீப்பாவைத் திறக்கச் சொன்னார் சார்ஜன். ஓர் இளம் கொன்ஸ்டபிள் கலவைக்கான தண்ணீர் வாளியில் ஊறிக் கிடந்த தடியை எடுத்து, சொட்டச் சொட்ட அதற்குள் விட்டுத் துழாவினான். போதாததற்கு, திறந்த வாய்க்கு நேரே கூரை ஒழுகியது. கடைசியில் மூடியைப் பலங்கொண்ட மட்டும் இறுக்கி அரக்கு முத்திரையும் வைத்தார்கள். முத்திரை உடைந்தால் நான்தான் பொறுப்பு என்று சார்ஜன் சிங்களத்தில் சொன்னதை ஹாஜியார் எனக்குத் தமிழில் சொன்னார்.

"ஹாஜியார், உள்ளுக்குத் தண்ணி போயிட்டுது. வாயு கூடி பீப்பா வெடிக்கும். சொல்லுங்கோ அவையளுக்கு."

"வெடிக்கும்னு நான் சொல்லவா? சும்மா இரிங்க தம்பி. அவங்க போனதும் பாப்பம்."

அவர்கள் போகவில்லை. மேசையில் இருந்து அறிக்கை எழுதத் தொடங்கினார்கள். பீப்பா வெடித்தால் அது குண்டு, நான் குண்டு வைத்தவன். முத்திரையை உடைத்தால் சாட்சியத்தை அழித்தவன். முன்கூட்டிச் சொன்னாலோ, உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். வெள்ளவத்தை அறையில் என் மனைவி றஞ்சிதம் ஏழு மாதக் கர்ப்பம். பொழுதுபட நான் படியேறினால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

ஒரு மணித்தியாலம் போனது. 'டொக்' என்று ஒரு சத்தம். பீப்பாவின் மேல்தகடு உப்பிவிட்டது. என்னைத் தவிர எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நின்று நின்று கால் உளைந்த கொன்ஸ்டபிள் போய் அந்தப் பீப்பாவின் மேலேயே ஏறி இருந்தான். ஒரு கணம், இரு, நல்லாய் இரு என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் நினைத்தேன். அவன் சோற்றுப் பார்சலை மடியில் வைத்துப் பிரித்தான். தகடு மறுபடி முனகியது.

"புபுரனவா!" என்று கத்தினேன். 'வெடிக்கும்' என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் அது.

எல்லோரும் தரையில் விழுந்தார்கள். கொன்ஸ்டபிள் பாய்ந்த பாய்ச்சலில் சோறு சிதறியது. சார்ஜன் எழும்பி வந்து துவக்கை நீட்ட, அதன் குழாய் என் பிடரியில் குளிர்ந்தது. ஆனாலும் ஸ்பானரை எடுத்து மூடியை மெல்ல மெல்லத் தளர்த்தினேன். அரக்கு உதிர்ந்தது. உஸ்ஸென்று வாயு சீறி வெளியேறியது. கண் எரிந்து இருமல் பிடுங்கியது. தகடு மெதுவாகத் தாழ்ந்தது. கொன்ஸ்டபிள் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சார்ஜன் மேலும் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போடு என்று தாளை நீட்டினார். எல்லாம் சிங்களம்.

"என்ன எழுதிக் கிடக்கு, ஹாஜியார்?"

"பீப்பா வெடிக்கும்னு நீங்க சொன்னதா. முத்திரய நீங்க ஒடச்சதா."

"தடி விட்டது? அவர் ஏறி இருந்தது?"

"அதெல்லாம் இல்ல தம்பி."

கொன்ஸ்டபிளைப் பார்த்தேன். அவன் குனிந்து சோற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவேயில்லை.

எழுதியிருந்ததில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டேன்.