கூவியது எதுவென்று சொல்ல மாட்டேன்

"அப்போ எல்லாம் பொட்டைன்னு சொன்னது பொய்யா?"

"பொய் இல்லக்கா. தப்பு."

"தினமும் ஆயிரம் குஞ்சு பிரிக்கிறவளுக்கு இதுல தப்பு வருமா? என் காதுல பூ சுத்தாதே."

வீட்டுக்காரக்கா எங்கள் அறை வாசலை அடைத்தபடி நின்றார். கீழ்வீடு அவருடையது, மாடி அறையில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருக்கிறோம். கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். இன்று விடிந்ததும் ஏழில் ஒன்று கூவிவிட்டது. துருப்பிடித்த கீல் போன்ற அரைகுறைக் கூவல்தான்.

நான் குஞ்சு பொரிப்பகத்தில் பிரிப்பு மேசையில் வேலை செய்கிறேன். பொரிந்து ஒரு நாளே ஆன குஞ்சின் சிறகை விரித்துப் பார்ப்பேன். இறகுகள் நீளமும் குட்டையுமாக மாறி மாறி இருந்தால் பெட்டை, இடது பெட்டி. ஒரே அளவில் இருந்தால் சேவல், வலது பெட்டி. வலது பெட்டிக்குப் போனது எதுவும் பிழைத்ததில்லை. ஒருநாள், தாமதமாகப் பொரிந்த ஏழு குஞ்சுகளை வேண்டாமென்று ஒதுக்கினார்கள். கேட்டு வாங்கி வந்தேன். ஏழும் பெட்டைச் சிறகு. ஆனால் அவை பொரிந்த தட்டில் இருந்தது வேறு இனம்; அதில் சிறகை வைத்து எதையும் சொல்ல முடியாது. மூன்று வருடப் பழக்கத்தில் விரல் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை.

பதினோரு வாரமாக எங்களோடு இருக்கின்றன; குணத்தைப் பார்த்துப் பெயரும் வைத்திருக்கிறேன். வக்கீலுக்கு எதைக் கொடுத்தாலும் ஆட்சேபணை. தண்ணீரைக்கூடத் திட்டிவிட்டுத்தான் குடிக்கும். இன்ஸ்பெக்டர் தினமும் என் செருப்பைச் சோதனை போடும். தூங்குமூஞ்சி தீனியில் முகம் புதைத்தபடியே உறங்கிவிடும். சின்னவள் ஜன்னலோரம் நின்று, வராத கப்பலுக்குக் காத்திருப்பவள்போல வெளியே பார்ப்பாள். மற்ற மூன்றும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி. ஒன்று தும்மினால் மூன்றும் திரும்பும்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. கூவினதை மட்டும் கொடு. சாயங்காலம் கறிக்கடைக்காரர் வர்றார். மத்த ஆறும் இருந்துட்டுப் போகட்டும்."

"மாட்டேன்."

அம்மா பின்னாலிருந்து என் கையைக் கிள்ளினாள். "கொடுத்துத் தொலையேண்டி. ஒரு சேவலுக்காக மூட்டை முடிச்சோட தெருவுல நிக்கணுமா?"

"எதுன்னு தெரியாதும்மா."

"உனக்கா தெரியாது? இதுங்க கொட்டாவி விட்டாலே யாருன்னு சொல்லுவியே!"

தெரியும். கொண்டை லேசாகச் சிவந்தபோதே தெரியும். பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். வக்கீல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கூவியது தூங்குமூஞ்சி. கூவிவிட்டு, தன் குரலுக்குத் தானே பயந்து என் போர்வைக்குள் நுழைந்துகொண்டது.

"தெரியும்க்கா. சொல்ல மாட்டேன்," என்றேன். "வேலையில பிரிக்கச் சொல்றாங்க, பிரிக்கிறேன். வீட்டுல பிரிக்க மாட்டேன். போகணும்னா ஏழும் நாங்களும் சேர்ந்தே போறோம்."

"நாங்களும்னு என்னை ஏண்டி சேர்க்கிறே?" என்றாள் அம்மா.

வீட்டுக்காரக்கா அவளைத் தாண்டி உள்ளே வந்தார். ஏழையும் ஒரு சுற்று பார்த்தார்.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு. இதுக்கா இவ்வளவு வீம்பு?"

நான் பாயை உதறித் தரையில் விரித்தேன்.

"ஒரே மாதிரி இல்லக்கா. பத்து நிமிஷம் இப்படி உட்காருங்க. ஒவ்வொண்ணும் யாருன்னு சொல்றேன். அப்புறமும் ஒண்ணு வேணும்னா, உங்க கையாலயே எடுத்துட்டுப் போங்க. உட்காருங்கக்கா."