இரண்டாம் ஓலை

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை படிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று. என் தங்கை பிலோமிக்கும் திருவொற்றியூர் சைமனுக்கும் முதல் ஓலை படித்த வாரத்தில்தான் இன்டர்நெட்டில், ஆர்க்குட்டில் அந்தப் பக்கம் முளைத்தது.

பிலோமி படம், பிலோமி பேர், எங்கள் வீட்டு போன் நம்பர். கீழே, கூப்பிட்டால் எங்கே வேண்டுமானாலும் வருவேன் என்று அவளே சொல்வதுபோல் நாலு அசிங்க வரிகள். படம் கல்லூரி ஆண்டுவிழாவில் எடுத்தது. கூடப் படிக்கிற எவனோ எவளோ செய்த வேலை என்பது மட்டும் தெரிந்தது. யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் அந்த விரல்களை என்ன செய்வேன் என்பதை இங்கே எழுத முடியாது.

சைமன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன். பார்த்துவிட்டு அவனே பிலோமிக்கு போன் செய்தான். "எவனோ பொறுக்கி பண்ணிக்கீறான். நான் நம்புவனா? கம்ப்ளெய்ண்ட் குடுத்துட்டேன், அந்தப் பக்கத்த தூக்கிடுவாங்க. எங்கம்மா காதுல மட்டும் வுழ வாணாம்."

பிலோமி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் அடுத்த போனை எடுத்தது நைனா. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர், ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். எவனோ ஒருத்தன் அவரிடமே மகளுக்கு ரேட் கேட்டான். விஷயம் முழுக்க அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"சாமியார்கிட்ட சொல்லி பூசைல படிக்க சொல்றேன். அது பொய்னு ஊருக்கே தெரியட்டும்."

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. சித்தப்பாதான் கோயில் உண்டியலை உடைத்தார் என்று முன்பு யாரோ கிளப்பிவிட்டபோது, சாமியார் பூசையில் மறுத்துச் சொன்னார். ஊர் வாயை மூடிக்கொண்டது.

"வாணாம் நைனா, உன் கால்ல வுழறேன். நம்ம ஆளுங்க யாரும் பார்க்கல. தன்னால பூடும்," என்று பிலோமி கெஞ்சினாள்.

"சும்மா கீந்தா ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்மா."

சாமியாரும் தயங்கத்தான் செய்தார். நைனா விடவில்லை.

இரண்டாம் ஓலையைப் படித்து முடித்த கையோடு சாமியார் சொன்னார்: "இன்னாசியின் மகள் பிலோமியின் பெயரில் இன்டர்நெட்டில் வந்திருக்கும் ஆபாசப் பக்கம் பொய்யானது. யாரும் நம்ப வேண்டாம், பார்க்க வேண்டாம்." நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிலோமி முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மத்தியானம் மார்க்கெட் முனை பிரவுசிங் சென்டர் வாசல் முழுக்கச் செருப்பு. வீட்டு ஜெபக் கூட்டத்தில் உருகி உருகி ஜெபிக்கிறவர்கள், நைனாவோடு வேலை செய்கிறவர்கள், பெண் பிள்ளையைப் பெற்றவர்கள். அதுவரை காலேஜ் பசங்கள் சிலர் இளித்துவிட்டுப் போயிருந்த பக்கத்தில் இப்போது பெரிய மனிதர்கள் பொய்ப் பேரில் எழுதிக் குவித்தார்கள். 'கொயரில் பாடும்போதே நினைத்தேன்' என்று ஒருவர். பிலோமி கோயில் கொயரில் பாடுவது எங்கள் பங்குக்காரர்களுக்குத்தான் தெரியும். தூ!

எங்கள் ராயபுரத்திலேயே இருக்கிற சைமனின் சித்தியும் அன்று பூசையில் இருந்திருக்கிறாள். மறுநாள் சைமனின் அம்மா வந்து நின்றார். கத்தவில்லை.

"பொய்னு சாமியாரே சொல்லிட்டாரும்மா," என்றார் நைனா.

"பொய்தாண்ணே. நான் இல்லன்னு சொல்லல. ஆனா கோயில்ல படிச்சிட்டாங்களே. நாளிக்கு என் மருமவள பார்த்தா எல்லாருக்கும் அதானே நெனப்பு வரும்?"

கூட வந்த சைமன் தலைகுனிந்து நின்றான். நம்பமாட்டேன் என்றவனுக்கு அம்மா முன்னால் வாய் திறக்கவில்லை. அவன்மேலும் எனக்கு ஆத்திரம்தான்.

அந்த வாரமே பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள், சைமன் சொன்னபடியே.

மூன்றாம் ஞாயிறு பிலோமி கோயிலுக்கு வரவில்லை. நைனா எப்போதும்போல் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். ஓலையில் பிலோமி, சைமன் பேர் இல்லை; வேறு யார் யாரோ பேர் வந்தது. படித்து முடித்து எல்லோரும் எழுந்து நின்ற பிறகும் அவர் பீடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பொய்னுதானே நான் படிக்க சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பினார்கள். நைனாவைப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் காலியாகக் கிடந்த பிலோமியின் இடத்தைப் பார்த்தார்கள்.