சுத்தம் செய்த குரல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி விட்டதும் நாலரை மணிக்குத் தெற்கே ஒரு பஸ் போகும். ராஜபாளையம், சேத்தூர், தேவதானம். பிளஸ் ஒன் படிக்கும் மூன்று பெண்கள் அதில் பாடிக்கொண்டு போவார்கள். வாத்தியம் கிடையாது. கோதா சுருதியைப் பிடித்துக்கொள்வாள். மகாலட்சுமி வாயாலேயே தாளம் போடுவாள். முனீஸ்வரி மேலே பாடுவாள். கண்டக்டர் அதைச் செல்போனில் எடுத்துப் போட்டார். ஒரு வாரத்தில் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ‘நாலரை வண்டி’ என்று பெயர் வைத்து, அவர்களை என்னிடம் அழைத்து வந்தவர் கோதாவின் மாமா வாசுதேவ்.

அதே ஊரில், மடவார் வளாகம் தெருவில் ஒரு மாடி அறையில் ஒலிப்பதிவு செய்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். என் மனைவி ஹம்ஸா இறந்து அப்போது பத்து மாதம். வேலை வந்தால் செய்தேன்.

பிப்ரவரியில் முதல் பாட்டு. மே முடிவதற்குள் ஐந்து. பிறகு ஒரு மில் ஆண்டு விழா, மூன்று கல்லூரி விழாக்கள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளக்ஸ் வைத்தார்கள். பிளக்ஸில் முனீஸ்வரி நடுவில் இருந்தாள்.

அவர்கள் பாடியதைச் சுத்தம் செய்வது என் வேலை. மூச்சுச் சத்தம், எச்சில் சத்தம், விலகிய சுருதி. யார் குரலிலும் குப்பை இருக்கும். கை தானாகவே எடுத்துவிடும்.

ஜூலையில் முனீஸ்வரியின் குரல் உச்சியில் பிசிறியது. எடுத்துவிட்டேன். செப்டம்பரில் அவளால் உச்சிக்கே போக முடியவில்லை. பழைய பாட்டுகளிலிருந்து வெட்டி அந்த இடங்களில் ஒட்டினேன். மேடையில் பதிவை ஓடவிட்டோம். அவள் வாயசைத்தாள். கூட்டம் கத்தியது.

நவம்பரில் அவள் பேச்சே கரகரத்தது.

“ஏட்டி, நீ பேசுறது நம்ம பி.டி. சார் மாதிரியே இருக்கு. விசில் ஒண்ணுதான் கொறச்சல்” என்றாள் மகாலட்சுமி.

எல்லோரும் சிரித்தார்கள். முனீஸ்வரியும்தான். அந்தச் சிரிப்பில் சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஹம்ஸாவும் அப்படிச் சிரித்திருக்கிறாள். மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளிடம் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்றோம். மிளகு, தேன், கற்பூரவல்லி. நான்கு மாதம் அதையே சொன்னோம். பிறகு கழுத்தில் கட்டி தெரிந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு தடவைதான் சொன்னார்.

“டாக்டர்ட்ட காமிச்சியாம்மா?” என்று முனீஸ்வரியைக் கேட்டேன்.

“பாடுனா தொண்டை கட்டாதாண்ணே? அப்பாவும் இதத்தான் கேட்டாவ. புதுப் பாட்டப் போட்டுக் காமிச்சேன். ‘கணீர்னுதான இருக்கு’ன்னு எந்திரிச்சுப் போயிட்டாவ.”

அந்தக் கணீர் என்னுடையது.

வாசுதேவிடம் சொன்னேன். டிசம்பர் முதல் ஞாயிறு சென்னையிலிருந்து ஒரு இசைக் கம்பெனி ஆட்கள் அவர்கள் பாட்டைக் கேட்க வருவதாக இருந்தது.

“சார், ரெண்டு வாரம் செத்த சும்மா இருங்க. அவன் கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். பொறவு எந்த டாக்டர்ட்ட வேணாலும் கூட்டிட்டுப் போவோம்.”

“பொறவு வேண்டாம். இப்பவே காட்டணும்.”

“ஒங்க வீட்ல நடந்தது நடந்துருச்சு. அதுக்காக இருமுறவன் எல்லாம் சாவானா?”

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முனீஸ்வரியின் ஊரான தேவதானத்துக்குப் போனேன்.

முனீஸ்வரியின் அப்பா பால்ச்சாமி வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். கால் கழுவிவிட்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

“பாட்டுல நல்லாத்தான இருக்கு தம்பி?”

ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். போன வாரம் அவள் பாடியதை, கை வைக்காமல் இருந்தபடியே ஓடவிட்டேன். அவர் முகம் சுருங்கியது.

“இது யாரு?”

“முனீஸ்வரிதான்.”

“இல்ல.” தன் செல்போனை எடுத்து அதே பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தார். வயலில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இதுதான் எம் மக.”

“அது நான் செஞ்சது. அவளால பாட முடியாத எடத்துல பழைய பாட்ட வெட்டி ஒட்டியிருக்கேன்.”

அவர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

“எப்ப இருந்து?”

“ஆடியில இருந்து.”

“இப்ப கார்த்திகை.” விரலை மடக்கினார். “அம்புட்டு நாளும் தெரிஞ்சுக்கிட்டா இருந்தீரு?”

தெரிந்தது என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. தெரியாது என்றாலும் இல்லை. அவர் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் காலை மகளை மதுரைக்குக் கூட்டிப் போனார். பத்து மணியிலிருந்து வாசுதேவ் என்னை அழைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எடுத்தேன்.

“அவ வராட்டிப் போறா. குரல்தான் ஒங்ககிட்ட இருக்குல்ல? மத்த ரெண்டு பேரும் பாடட்டும், அவளத நீங்க ஓட்டுங்க.”

வைத்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்குப் பால்ச்சாமி அழைத்தார்.

“குழாய விட்டுப் பாத்தாவ. உள்ள என்னமோ இருக்காம். துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்ங்காவ. எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேக்காரு. இவளுக்குச் சொல்லத் தெரியல. ஆடின்னு சொல்லட்டா?”

“செத்த இருங்க. பாத்துச் சொல்றேன்.”

பாடியபடியே இருக்கும் பதிவுகளை நான் அழிப்பதில்லை. ஒவ்வொன்றிலும் தேதி இருக்கும். ஜூலையிலிருந்து பின்னால் போனேன். ஜூனில் பிசிறு இருந்தது. மே மாதத்திலும். ஏப்ரல் பத்தொன்பதில் ஒரு வரியின் முடிவில் குரல் அறுந்து மறுபடி சேர்ந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். அந்த இடத்தில் என் திருத்தமும் இருந்தது. செய்தது நினைவில்லை.

அதற்கு முன்னால் எதுவும் இல்லை. இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு அழைத்தேன்.

“சித்திரை” என்றேன். “சித்திரை ஆறாம் தேதி.”

அவர் செல்போனை வைக்கவில்லை. பக்கத்தில் யாரிடமோ, “ஏழு மாசமாம் டாக்டர்” என்றார். பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது; டாக்டர் அறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

சற்றுத் தள்ளி முனீஸ்வரி பேசினாள். பாதிச் சொற்கள் காற்றாகவே வந்தன.

“அப்பா, அண்ணன்ட்ட கேளுங்க. ஞாயித்துக்கெழமப் பாட்ட சரி பண்ணிட்டாவளான்னு.”