நாலரை அடி

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டு முன்னறையில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன. தனியாளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பலகை அறுத்தது, ஒட்டியது, பாலிஷ் போட்டது எல்லாம் அவனேதான். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அவற்றுக்குள் போய்விட்டன. பெற்ற பிள்ளைகளைப்போல் துடைத்து வைப்பான். வீட்டுக்கு வருகிறவர்கள் முழங்காலை அவற்றில் இடித்துக்கொண்ட பிறகுதான் அவனை நலம் விசாரிப்பார்கள்.

மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. அந்த ஸ்பீக்கர்களுக்கு ஒரு ட்யூப் ஆம்ப்ளிஃபயர். கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி சிவந்து கனல, அதிலிருந்து பாட்டு வர வேண்டும். அதற்கென்று ஒதுக்கிய பணமும் மனைவியின் சம்மதமும் ஒருவழியாகச் சேர்ந்து வந்த சனிக்கிழமை காலை, ஸ்பீக்கர்களைப் போர்வையில் சுற்றி, லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் கடைக்குப் போனார்கள். மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அவளுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. போர்வை அழுக்காகிவிடுமே என்றுதான் கூட வந்தாள்.

கடைக்காரர் தானே ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர். விரலெல்லாம் பற்றவைத்த சூட்டுத் தழும்பு. பெரிய கூடம். ஒரு கோடியில் ஸ்பீக்கர்களை நிறுத்தி, மறுகோடி சோஃபாவில் இவர்களை உட்கார வைத்தார். முதலில் சின்ன ஆம்ப்ளிஃபயர். ஒரு ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு பெரிய குழாய், நாலே வாட். பாட்டு வந்தது, ஆனால் அடுத்த தெருவில் யாரோ பாடுவதுபோல வந்தது. சத்தம் கூட்டும் குமிழைத் திருகத் திருகக் குரல் கம்மியது. அடுத்து பெரியது. கூடமே நிறைந்தது. அவனுக்குப் புல்லரித்தது. விலையைக் கேட்டதும் புல்லரிப்பு அடங்கிவிட்டது.

“சார், ஒளிக்காம சொல்லிடறேன்,” என்றார் கடைக்காரர். “உங்க வேலைப்பாடு பிரமாதம். ஆனா இந்த ஸ்பீக்கருக்குப் பசி ஜாஸ்தி. மத்தது ஒரு வாட்ல பேசுறத இது பேச நாலு வாட் கேக்கும். உங்க பட்ஜெட்டுக்கு சின்னதுதான் வரும், அது இதுக்குப் பத்தாது. ஒண்ணு, வேற ஸ்பீக்கர் வாங்கிக்குங்க, இத நானே எடுத்துக்கறேன். இல்லேன்னா ட்யூப் ஆசைய விட்டுடுங்க.”

அவன் முகம் தொங்கிப்போனது. ஸ்பீக்கர் பலகையைத் தடவிக்கொண்டு நின்றான். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொடு என்றால் எதைக் கொடுப்பது?

“இந்த சோஃபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?” என்று கேட்டாள் மனைவி.

“பதினெட்டடி இருக்கும்மா. ஏன்?”

“வீட்டுல இவர் நாலரை அடியிலதான் உக்காருவார். ஸ்பீக்கர மடியில தூக்கி வச்சுக்காததுதான் பாக்கி. அந்த இடுக்குல தெனமும் ஒடம்ப ஒடுக்கிட்டு நுழையறவ நான், எனக்குத் தெரியாதா?”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா?” என்றார் கடைக்காரர்.

“படிக்கக் கண்ணாடி வேணும்னு யாராவது வந்தா, எவ்வளவு தூரத்துல வச்சுப் படிப்பீங்கன்னுதான் மொதல்ல கேப்பேன். தையக்காரருக்கு ஒண்ணு, கம்ப்யூட்டர் பாக்கறவருக்கு வேற ஒண்ணு. தூரம் தெரியாம எதையும் எழுதிக் குடுக்க மாட்டேன்.”

சொல்லிக்கொண்டே அவன் இடுப்பில் தொங்கிய அளவு டேப்பை உருவினாள். லிஃப்ட் கதவின் இடைவெளியை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிற மனிதன், தன் நாற்காலியை ஒருநாளும் அளந்ததில்லை! அசடு வழிய நின்றான். அவள் ஒரு நாற்காலியை இழுத்து, நாலரை அடியில் போட்டு, “உக்காருங்க,” என்றாள்.

அதே சின்ன ஆம்ப்ளிஃபயர். அதே பாட்டு. வயலின் வில் திரும்புகிற இடம் கேட்டது. பாடகி அடியெடுக்குமுன் மூச்சை இழுத்தது கேட்டது. குமிழ் பாதிகூடத் திரும்பவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டுக்கா, பக்கத்தில் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றவளுக்கா என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. என்ன மூளை இவளுக்கு, என்று மலைத்துப்போனான்.

“என்ன ஸ்பீக்கர், என்ன பட்ஜெட்னு எல்லார்கிட்டயும் கேக்கறேன்,” என்றார் கடைக்காரர். “எங்க உக்காருவீங்கன்னு ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்லம்மா. இனிமே அதான் மொதக் கேள்வி. ஆமா, நீங்க எங்க உக்காருவீங்க?”

“நானா?” அவள் சிரித்தாள். “எனக்கு அங்க எடம் ஏது? அடுப்படியிலேருந்து கேட்டுக்குவேன்.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது. சின்ன ஆம்ப்ளிஃபயரையே வாங்கி, பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு வண்டியில் வீடு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் சாய்வு நாற்காலியைத் தூக்கி வெளி வராந்தாவில் போட்டான். அடுப்படியிலிருந்து இரண்டு ஸ்டூல்களைக் கொண்டுவந்தான். டேப்பை நீட்டி, நாலரை அடியில் இரண்டையும் ஒட்டிப் போட்டான்.

“ஏங்க, உங்க நாற்காலி?”

“அதுல ஒரு ஆளுக்குத்தான் எடம். வா, உக்காரு.”

குழாய்கள் மெல்லச் சிவந்தன. இரண்டு வருடமாக அந்த ஸ்பீக்கர்களைச் சுற்றி நடந்தவள், அன்றுதான் அவற்றின் முன்னால் உட்கார்ந்தாள். தோளோடு தோள் இடித்தது. பாட்டு முடிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

“இன்னொரு தடவ போடுங்க,” என்றாள்.